கலையரங்கத்துச் சாவி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் ஊரின் புதுக் கலையரங்கத்தை டேப் வைத்து அளந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். டேப்பின் நுனியை அம்மா சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் நாற்காலிகள் இடித்தன. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றன்மேல் ஒன்றாக என் தலைக்கு மேலே அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘சின்னுசாமி பந்தல், பாத்திரம் வாடகை’ என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.

“எத்தன பிள்ளைங்க உக்காரலாம்?” என்றாள்.

“நாற்காலி எல்லாம் போனா நாப்பது. கையை நீட்டிப் படம் போடணும்னா முப்பதுதான்.”

“நாற்காலி போயிரும். முப்பதுன்னே வெச்சுக்க.”

பின்சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பூச்சு மணலாக உதிர்ந்தது. சிமெண்டைக் கலவைக்குக் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். இதில் கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் நிற்காது என்றேன்.

“எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?”

“ஒரு மழைக்காலம்.”

“போதும். அதுக்குள்ள எலக்சன் வந்துரும். எவனாச்சும் வந்து மறுபடி பூசிக் குடுப்பான்.”

ஷட்டரை இருவருமாக இழுத்து இறக்கினோம். அம்மா பூட்டிவிட்டுச் சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். “நாளைக்கு ராசிபுரம் போயி இதுக்கு இன்னொரு சாவி போட்டுட்டு, இதைக் கொண்டுபோயி தலைவரு மதுமதிகிட்டக் குடுத்துருவேன்” என்றாள்.

“திருட்டுச் சாவியா?”

“இதைக் கட்டுன காசு ஆரோடது? ஊர்க்காசுல கட்டுன ஊட்டுக்கு ஊர்க்காரி சாவி போட்டா திருட்டா?”

அன்று மாலையே நான் சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை, மில்லில் யாருக்கோ கம்பு அரைத்துக்கொண்டிருந்தவள் மோட்டாரை நிறுத்திவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாளாம். எழவில்லை. ராசிபுரம் போகவில்லை.

நான் கட்டடங்களுக்குக் கம்பி கணக்கிடும் பொறியாளர். அஸ்தம்பட்டியில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. அம்மாவின் அஞ்சலிக் கூட்டத்து நோட்டீஸில் ‘கலைத்தாய் சௌந்திரம் அம்மாள்’ என்று அச்சடித்துவிட்டார்கள். அந்த நோட்டீஸைத் திருத்துவதற்காக எழுதுகிறேன். அம்மாவுக்கும் கலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவள் போட்ட கோலம் கோணும். பாடினால் நாங்கள் எழுந்து போய்விடுவோம். கூத்தில் தூங்கிவிடுவாள். டிவியில் தொடர் பார்ப்பாள், அதையும் திட்டிக்கொண்டே பார்ப்பாள்.

அவள் மாவு மில் நடத்தியவள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போன அப்பா சடலமாகத் திரும்பினார். அதற்குப் பிறகு மில்தான். பகலெல்லாம் மோட்டார் சத்தத்தில் பேசிப் பேசி அவளுக்கு மெதுவாகப் பேசவே மறந்துவிட்டது. கோயிலிலும் கத்துவாள், ஆஸ்பத்திரியிலும் கத்துவாள். ஆனால் யாரையும் மரியாதை குறைத்துத் திட்டியதில்லை. ‘ங்க’ போட்டே திட்டுவாள். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் திட்டு என்று கண்டுபிடிப்பார்கள்.

எல்லாம் ஒரு மதிப்பெண் அட்டையில் ஆரம்பித்தது. கோகிலவாணி என்று மில்லுக்கு வழக்கமாக வருகிறவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அரிசி அரைத்து முடியும் வரை பொழுது போக வேண்டுமே, மகளின் அட்டையை எடுத்து நீட்டினார். கணக்கில் பி. ஓவியத்தில் ஏ.

“என்ன படம் போட்டே கண்ணு?” என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

“படம் போடலைங்க ஆத்தா. ஓவியப் பீரியட்ல கணக்கு நடத்துவாங்க.”

“அப்பறம் ஏ எப்படி வந்துச்சு?”

“எல்லாருக்கும் ஏதானுங்க.”

வேறு யாராவது இருந்தால் சிரித்துவிட்டு மாவை அள்ளிக் கொடுத்திருப்பார்கள். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. அரிசியே போடாதவளுக்கு அவள் இதுவரை மாவு கொடுத்ததில்லை. நடக்காத வகுப்புக்கு மார்க் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவள் கேள்வி. கலை மனிதனை உயர்த்தும் என்று அஞ்சலிக் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். அம்மா அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. பீரியட் என்று போட்டால் பீரியட் நடத்துங்கள், அவ்வளவுதான்.

மறுநாளே பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் மரியாதையாக உட்காரச் சொன்னார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். படம் வரைந்து என்ன ஆகப்போகிறது, சுற்றிலும் பாருங்கள், பிள்ளைகளைக் கோச்சிங் பள்ளி விடுதிகளில் சேர்க்க ஜனங்கள் நிலத்தை விற்கிறார்கள் என்றார்.

“பாத்தனுங்க” என்றாள் அம்மா. “எங்க பக்கம் கோழியவும் அப்படித்தானுங்க வளக்கறாங்க. தீனி போட்டு, லைட்டப் போட்டு, எடை பாத்து ஏத்தி உட்ருவாங்க. கோழிக்கு யாரும் ஓவியத்துல ஏ போடறதில்லைங்க.”

அவர் சிரித்தாராம். சிரிப்புத்தான் இந்த ஊரில் படித்தவர்களின் பதில்.

பிறகு கல்வி அலுவலகத்துக்கு எழுதினாள். மூன்று வரி. பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும். பதில் செல்போனில் வந்தது. அப்பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுள்ளது, ஆகவே மனு முடித்துவைக்கப்பட்டது.

அம்மா அந்தக் குறுஞ்செய்தியை மில்லுக்கு வந்த எல்லாரிடமும் காட்டினாள். “நம்ம பள்ளிக்கூடத்துல ட்ராயிங் வாத்தியார் இருக்கறாராமா. பாத்தவங்க இருந்தாச் சொல்லுங்க.” ஒருவரும் பார்த்ததில்லை.

ஆனால் ஆசிரியர் இருந்தார். பெயர் வேல்முருகன். பகுதிநேர ஓவிய ஆசிரியர். எங்கள் பள்ளியின் பெயரில்தான் சம்பளம். வேலை செய்வது வேறோர் ஊரில், ஓர் அலுவலகத்தில், கணினியில் மாணவர் விவரம் ஏற்றுவது. தட்டச்சு தெரிந்தவர் என்பதற்காக மாற்றுப் பணியில் அழைத்தார்கள், பிறகு விடவே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஓவியத்தில் ஏ என்று கணினியில் ஏற்றுவதும் அவர்தான். இதை நான் கற்பனை செய்திருந்தால் நம்பும்படியாக வேறு மாதிரி செய்திருப்பேன்.

அம்மா அங்கேயே போய்விட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வேல்முருகன் ஒல்லியான, பயந்த மனிதர். அம்மாவின் குரலுக்கு அந்த அறையே திரும்பிப் பார்த்தது.

“நீங்க எங்க ஊரு ட்ராயிங் வாத்தியாருங்களா? உங்களைப் பாக்கோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க.”

“மெதுவாப் பேசுங்கக்கா.”

“இதுதானுங்க மெதுவு. பிரஷ் புடிச்சு எத்தன காலமாச்சு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “போன எலக்சனுக்கு உங்க பள்ளிக்கூடச் சுவத்துல பூத் நம்பர் எழுதுனனுங்க.”

பஸ்ஸில் வரும்போது அம்மா சில்லறையை எண்ணிச் சுருக்குப்பையில் போட்டாள். பிறகு சொன்னாள்: “பயந்தாங்கொள்ளி. ஆனா சுவத்துல அந்த பூத் நம்பர் எட்டைப் பாத்திருக்கறேன். நல்லா உருண்டையா இருக்கும்.”

அடுத்ததாகக் கிராம சபை. எங்கள் ஊராட்சித் தலைவர் மதுமதி. கூட்டத்தில் பேசுபவர் அவருடைய கணவர் சின்னுசாமி, பந்தல் வாடகைக்காரர். தலைவர் நாற்காலியில் மதுமதி உட்காருவார். பக்கத்து நாற்காலியில் இவர் உட்கார்ந்து பதில் சொல்வார். ஊருக்கு அது பழகிவிட்டது. அம்மா எழுந்து, ஓவிய ஆசிரியரைத் திருப்பி அனுப்ப வேண்டும், பாட்டுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும், கலைக் கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னாள். சின்னுசாமி தொண்டையைச் செருமினார்.

“அக்கா, அதெல்லாம் மேல இருக்கறவங்க பாக்கறது.”

“நான் தலைவரைக் கேட்டனுங்க. நீங்க ஆருங்க?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்க. நான் அவங்க ஊட்டுக்காரனுங்க.”

“அப்ப ஊட்டுல பேசுங்க.”

சிரித்தவர்களில் மதுமதியும் ஒருவர். சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தீர்மானம் ஏட்டில் ஏறியது.

தீர்மானத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை அம்மா. மில்லில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். வரிசையில் நிற்பவர்கள் எங்கே போவார்கள்? “போட்டுட்டு மாவை வாங்கிக்கங்க. போடாட்டியும் தருவேன். ஆனா கடைசியாத்தான் அரைப்பேன்.” இது வற்புறுத்தல் என்று நான் சொன்னேன். “ஆமா” என்றாள்.

அவசரத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. பங்குனி, ஊரே மிளகாய் அரைக்கும் மாதம். அந்தக் காகிதங்கள் மிளகாய் மிஷின் பக்கத்துப் பலகையிலேயே பல நாள் கிடந்தன. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று அவற்றை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிய அதிகாரி பிரித்தார், தும்மினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி தும்மினார்.

“பேப்பர்ல என்னம்மா வெச்சிருக்கீங்க?”

“மொளகாங்க. மன்னிச்சுக்கங்க.” பிறகு, மில்லில் பேசும் அதே குரலில்: “ஆனா எங்க பிள்ளைங்களுக்காக இந்த ஆபீசுல கண்ணுல தண்ணி உட்டது நீங்க ஒருத்தர்தானுங்க.”

வரிசையே சிரித்தது. அந்த அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மேலே சிவப்பு மையில் ஏதோ எழுதினார். அதனால்தான் மனு நகர்ந்ததோ, அல்லது மேசையில் வைத்திருக்க முடியாமல் வேறு மேசைக்குத் தள்ளினார்களோ, தெரியாது.

இந்தச் சமயத்தில் சேலத்தில் கலை வளர்க்கும் மன்றம் ஒன்று அம்மாவைக் கண்டுபிடித்தது. குளிரூட்டிய அரங்கில் கருத்தரங்கம் வைத்தார்கள். ‘கிராமப்புறக் கலைப் போராளி’ என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்கள் எல்லாரும் கலைக்கு அரசு நிதி வேண்டும் என்றார்கள். எதற்கு நிதி என்று கவனித்துக் கேட்டால், அதே அரங்கத்துக்குப் புது ஒலிபெருக்கி, அதே மன்றத்துக்கு ஆண்டு விழா. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வந்து கீபோர்டு சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார். அரசுப் பள்ளி என்ற சொல் அந்த மாலை முழுவதும் ஒரு முறைதான் வந்தது, அதுவும் அம்மா வாயிலிருந்து. அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒலிபெருக்கிக்கு. பொன்னாடையை அவள் மில் மோட்டாருக்குப் போர்த்தினாள். தூசி படாமல் நன்றாகவே இருந்தது.

ஒரு நாள் ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளர் ஒருவர் மில்லுக்கு வந்தார். அம்மாவின் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்றார். அம்மா மோட்டாரையே நிறுத்திவிட்டாள்.

“வாத்தியாரு எப்ப வாராருங்க?”

“வாத்தியாரு இல்லைங்க. கலையரங்கம். எம்.எல்.ஏ. தொகுதி நிதியில.”

மேலே போகும்போது ஆசிரியராகப் போனது கீழே வரும்போது சிமெண்டாக வந்தது. அந்த நிதியில் சம்பளம் கொடுக்க வழியில்லை, கட்டடம் என்றால் கட்டலாம், கலை என்று வந்தால் தங்களிடம் இருப்பது ஒரே வரைபடம்தான் என்று அவர் விளக்கினார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. என் தொழில்காரர். கையில் ஒரே வரைபடம் இருப்பவனுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

“ஊர்ல ஒண்ணு இருக்குதுங்களே” என்றாள் அம்மா.

“அது போன எம்.எல்.ஏ. கட்டுனதுங்க.”

போன எம்.எல்.ஏ. கட்டியதில் மக்காச்சோளம் காய்கிறது. மழை வந்தால் ஆடுகள் ஏறி நிற்கும். சாயங்காலம் சீட்டாடுவார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஆடல் பாடல் குழு வரும். ஊரில் வேறு புறம்போக்கு இல்லாததால் புதியதை அதே மைதானத்தில், பழையதற்கு நேர் எதிரே கட்டினார்கள். இப்போது இரண்டு மேடைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பழையதைவிட இதில் எம்.எல்.ஏ. பெயர் பெரிது. வேறொரு முன்னேற்றமும் உண்டு. முகப்பில் ஷட்டர் வைத்தார்கள். மற்ற ஊர் மேடைகளில் துணித் திரையாவது இருக்கும். எங்களுக்கு இரும்பு. ஷட்டர் சின்னுசாமியின் யோசனை. சாவியும் அவர் வீட்டில். திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. தேதி கொடுக்கவில்லை, அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது. நாற்காலிகள் மட்டும் போயின.

அம்மா கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். “பிரியா, கட்டிட்டானுக. இடிக்கவா முடியும்? அதுலயே வகுப்பு நடத்தீர்றேன்.”

வேல்முருகனுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. பள்ளியில் சனிக்கிழமையும் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு, ஆகவே அங்கே இடமில்லை. கலையரங்கத்தில் என்றால் வருகிறீர்களா என்று அம்மா கேட்டாள். அவர் முதலில் பயந்தார். பிறகு, “இடத்தைத் தொறந்து வெச்சீங்கன்னா சனிக்கிழமை மதியம் வாரனுங்க. பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போக வெச்சீங்கன்னா மறுக்கா வரமாட்டனுங்க” என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் விதித்த ஒரே நிபந்தனை அதுவாகத்தான் இருக்கும்.

இத்தனை திண்டாட்டம் எதற்கு, மரத்தடியில் நடத்தலாமே என்று கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் தமிழரசு மில்லில் நின்றபடி சொன்னார். அழகாக இருக்குமாம்.

“உங்க பையன் கோச்சிங் மரத்தடியிலயா நடக்குதுங்க?” என்றாள் அம்மா. “ஏசி ரூம்புல இல்லீங்க?”

தமிழரசு மாவை வாங்காமலே போய்விட்டார். சாயங்காலம் மனைவியை அனுப்பினார்.

இதில் அம்மா விட்டுக்கொடுக்கவே இல்லை. மில்லிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். இனாமாக நாலு பேர் நல்ல மனசோடு நடத்துவது என்றால் அதோடு எல்லாரும் கையைக் கழுவிவிடுவார்கள். அரசாங்கம் கலைக்கென்று கட்டியது, அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஓவிய ஆசிரியர், அரசுப் பள்ளிப் பிள்ளைகள். மூன்றையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துவிட வேண்டும். அதன் பிறகு கிராம சபையில் வந்து, இந்த வகுப்பை நிறுத்துகிறோம் என்று தைரியமிருப்பவன் எழுந்து சொல்லட்டும். அவளுடைய திட்டம் முழுவதும் அதுதான். அதற்கு ஷட்டர் திறக்க வேண்டும்.

சின்னுசாமியிடம் கேட்டாள். “திறப்பு விழா ஆகட்டுங்கக்கா” என்றார். திறப்பு விழாவுக்குப் பிறகு வேறு காரணம் சொல்வார் என்பது நாற்காலிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றை வைக்க அவர் வேறு கிடங்கு வாடகைக்கு எடுக்க வேண்டும்.

ஒரு நாள் மதுமதி ராகி அரைக்க வந்தார். கூட்டம் இல்லை. அம்மா தூக்கை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

“தலைவரு நீயா, உன்ற ஊட்டுக்காரனா?”

“ஏனுங்கக்கா இப்படிக் கேக்கறீங்க.”

“பதில் சொல்லு. ராகி அதுக்கப்பறம்.”

மதுமதி அரவைக் கூலியை எடுத்துப் பலகையில் வைத்தார்; அம்மா அரைத்துக் கொடுத்தாள். மாவை வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னுசாமி பந்தல் வேலையாக வெண்ணந்தூர் போயிருந்தபோது, தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தார். அதில் ராகி இல்லை. அடியில் சாவி இருந்தது. “நாளைக்குப் பொழுதோட குடுத்துருங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சா ஊட்டுல நான் இருக்க முடியாது” என்றார். அன்று மதியம்தான் நாங்கள் அளந்தோம். மறுநாள் பொழுது போகும்போது அம்மாவை எரித்துவிட்டு வந்திருந்தோம். சாவி சுருக்குப்பையில் இருந்தது. சுருக்குப்பை என்னிடம் இருந்தது.

அஞ்சலிக் கூட்டம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். புதுக் கலையரங்கத்தின் முன்னால், சின்னுசாமி தலைமையில். நோட்டீஸ் அடித்த பிறகுதான் சின்னுசாமி வீட்டில் சாவியைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. நாற்காலிகள் எல்லாம் உள்ளே. பூட்டை உடைக்கலாம்தான். ஆனால் ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது உடைத்தால், திறப்பு விழாவே ஆகாத அரசுக் கட்டடத்துக்குள்ளிருந்து தலைவர் வீட்டு வாடகை நாற்காலிகள் வெளியே வருவதை ஊர் முழுக்கப் பார்க்கும்.

அதனால் கலைத்தாய்க்கு நின்றுகொண்டே அஞ்சலி செலுத்தினார்கள். பழைய மேடையில் மக்காச்சோளத்தை ஒரு ஓரமாகக் கூட்டிவிட்டு மைக் வைத்தார்கள். நாற்காலி வாடகைக்காரர் நடத்திய கூட்டத்தில் வயதானவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். எதிரே மூடியிருந்த ஷட்டரில் பட்டு ஒலி அப்படியே திரும்பி வந்தது. இரண்டு கடினமான பரப்புகளை நேருக்கு நேர் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். அன்று சொன்ன ஒவ்வொரு பொய்யும் இரண்டு முறை கேட்டது.

தலைமையாசிரியர் அம்மாவைத் தன் பள்ளியின் தூண் என்றார். தூண். தமிழரசு, மரத்தடி என்ற சொல்லைத் தவிர்த்து, அம்மாவின் நகைச்சுவை உணர்வைப் பற்றிப் பேசினார். சேலம் மன்றத்திலிருந்து ஒருவர் இன்னொரு பொன்னாடையோடு வந்து, போர்த்த ஆளில்லாமல் அதை என் கையில் திணித்தார். சின்னுசாமி கடைசியாகப் பேசினார். அம்மா கேட்டுப் பெற்ற கலையரங்கம் இதோ நிற்கிறது, அதற்குச் சௌந்திரம் அம்மாள் கலையரங்கம் என்று பெயர் வைக்கத் தீர்மானம் போடப்படும் என்றார். கைதட்டினார்கள். அவள் கேட்டது ஆசிரியர் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேல்முருகன் கூட்டத்தின் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாருக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் சின்னுசாமி என்னிடம் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மனசத் தேத்திக்க சாமி. ஆத்தா பேரு நிக்கும்.”

“பேரு வேண்டாங்க. சனிக்கிழமை மதியம் மட்டும் ஷட்டரைத் திறந்துவிடுங்க. வாத்தியார் வர்றேன்னிருக்கிறார்.”

“அதெல்லாம் உன்ற ஊட்டுக்காரரு வரட்டும், பேசிக்கலாம்.” குரலைத் தாழ்த்தினார். “அம்மிணி, ஆத்தா சாமானத்துல சாவி ஏதாச்சும் கெடந்துச்சா?”

“என்ன சாவிங்க?”

அவர் என்னையே பார்த்தார். அரசுக் கட்டடத்தின் சாவி என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது எப்படி மில்காரியிடம் போனது என்ற கேள்வி வரும். அதற்கு முன்னால், அது ஏன் தன் வீட்டில் இருந்தது என்ற கேள்வி வரும்.

“ஒண்ணுமில்லை சாமி. கெடந்தா சொல்லு.”

இரண்டொரு நாள் கழித்து மதுமதி துக்கம் கேட்க வந்தார். தனியாக வந்தார். மில் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. நான் சுருக்குப்பையை எடுத்து நீட்டினேன்.

“இப்பக் குடுத்துட்டா உங்களுக்குத் தொல்லை இருக்காதுங்க” என்றேன்.

அவர் வாங்கவில்லை. உள்ளே மோட்டார்மேல் கிடந்த பொன்னாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா ராசிபுரம் போறேன்னு சொன்னாங்களே. போனாங்களா?”

“இல்லைங்க.”

“எம்.எல்.ஏ. அடுத்த மாசம் மொத வாரம் வாராருங்க. அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு எப்படியும் பூட்டை ஒடச்சாச்சும் தொறப்பாரு. அதுக்கு மொத நாள் குடுத்தாப் போதும். சாமி படத்துக்குப் பின்னால இருந்துச்சுன்னு சொல்லிக்கறேன். சாவி கெடச்சா பூட்டை மாத்தமாட்டாரு, செலவுக்குப் பயந்தவரு.” எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “அப்பறம் தலைவரு ஆருன்னு கேட்டாங்கல்ல. அன்னிக்குச் சொல்லாம போயிட்டேன்.”

அன்று மாலை வேல்முருகனும் போன் செய்தார். “இனி வரவேண்டியது இல்லைதானுங்களே?” என்று கேட்டார். அதில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. வரவேண்டும் என்றேன். எந்தச் சனிக்கிழமை என்று கேட்டார். திறப்பு விழா முடிந்து வரும் முதல் சனிக்கிழமை என்றேன். “தொறந்திருக்குமுங்களா?” என்றார். இருக்கும் என்றேன்.

நான் இன்று காலை ராசிபுரம் போனேன். பஸ் நிலையத்துக்கு வெளியே, குடைக்கடியில் பூட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் ஆளிடம்தான் அம்மா மில்லுக்கும் வீட்டுக்கும் சாவி போடுவாள். குடை இருந்தது. ஆள் இல்லை. பக்கத்துப் பூக்காரம்மா, அவர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்றார். யாருக்குச் சாவி என்று கேட்டார். எங்கம்மாவுக்கு என்றேன். என் கையிலிருந்த சுருக்குப்பையைப் பார்த்துவிட்டு, மில்லுக்காரம்மாவா, அவங்களையே வரச்சொல்லுங்க, நல்லா பேரம் பேசுவாங்களே என்றார்.

திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி போக வேண்டும். சுருக்குப்பை மேசைமேல் இருக்கிறது. உள்ளே ஒரு சேஃப்டி பின், பஸ்ஸுக்குச் சில்லறை, மிளகாய்த்தூள் ஒட்டிய சாவி. ஒரு சாவிதான் இருக்கிறது.